நீராவி பட்ட சல்லடை

ஆலைக்குள் அவளுக்குப் பெயர் சல்லடையம்மா. வாசல் காவலரிலிருந்து கேன்டீனில் டீ ஊற்றுகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதல் தடவை ஓர் எஃகுக் கூட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு உருட்டிக்கொண்டு போனபோது, வழியில் ஒரு ஃபிட்டர், "இதுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. "சல்லடை" என்றாள். அந்த ஒரு சொல் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் ஆலை முழுக்கச் சேதி சொல்லிவிட்டது.

வீட்டில் இதைச் சொன்னபோது மாமனார் காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். அப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கண்ணால் செய்ய வேண்டியதையும் காதாலேயே செய்துகொண்டிருந்தார்.

"இத்தனை வருஷம் ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடம்னு ஓடி, கடைசியில மாவு சலிக்கிறவள்னு பேரு வாங்கிட்டு வந்திருக்கியாம்மா?"

அவள் கணவன், வீட்டின் முன்னறையில் வண்டிகளுக்கு சீட் உறை தைப்பவன். தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "மாவு சலிச்சாலாவது நமக்கு உதவும்ப்பா. இவ சலிக்கிறது கண்ணுக்கே தெரியாது."

அது உண்மைதான். அவள் பிரிக்க முயன்றது இரண்டு வாயுக்களை. ஒன்று புரொப்பிலீன், இன்னொன்று புரொப்பேன். முதலாவது பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள், நல்ல விலை போகும். இரண்டாவது அடுப்பெரிக்கப் போகும். இரண்டும் கலந்தேதான் வரும். நிறம் கிடையாது, எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. குளிர்வித்தால் ஏறக்குறைய ஒரே குளிரில் இரண்டும் திரவமாகும். சூடாக்கினால் ஏறக்குறைய ஒன்றாகவே கொதித்தெழும். கொஞ்சமாவது பகை இருந்தால்தானே பிரித்து வைக்க முடியும்? ஆலையின் நடுவில் நிற்கும் உயரமான கோபுரம் இந்த வேலைக்காகவே கட்டப்பட்டது. உள்ளே தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கியிருக்கும். அடியில் நீராவி கொடுத்துக் கொதிக்க வைப்பார்கள், உச்சியில் குளிர வைப்பார்கள், வழிந்து இறங்கியதை மறுபடி கொதிக்க வைப்பார்கள். ஒவ்வொரு தட்டிலும் இம்மியளவு பிரியும். மற்ற எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து தின்கிற நீராவியை விட அந்த ஒற்றைக் கோபுரம் அதிகம் தின்றது.

சல்லடை என்று அவள் அலுப்பில் சொன்னது பொய்யும் இல்லை. அந்த எஃகுக் கூட்டுக்குள் அடுக்குகிற, விரல் தடிமனுள்ள பீங்கான் குழாய்களின் மேல் ஒரு படிகத் தோலை வளர்ப்பதுதான் அவள் வேலை. உலோகமும் ஒரு கரிமப் பொருளும் கண்ணி கண்ணியாகக் கைகோத்து நிற்கும் படிகம் அது. கண்ணிகளுக்கு நடுவே உள்ள துளை, புரொப்பிலீன் நுழையும் அளவுக்கு இருக்கும்; புரொப்பேன் அதைவிட ஒரு நூல் பருமன், தயங்கி நிற்கும். நூல் என்பதுகூட ரொம்பப் பெரிய அளவு. அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் எல்லாம். கொதிக்க வைக்க வேண்டாம், குளிர வைக்க வேண்டாம், வாயுவை ஒரு பக்கம் அழுத்தினால் போதும், மறுபக்கம் வேண்டியது வந்து சேரும் என்று ஆய்வுப் பிரிவுத் தலைவர் மேடைகளில் பேசுவார். அவர் பேசும்போது எளிதாகத்தான் இருக்கும்.

குழாயில் முதலில் படிக விதைகளைத் தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீர் சேராத கரைசலில் நிறுத்தி அடுப்பில் வைக்க வேண்டும். எடுத்து ஸ்பிரிட்டில் கழுவி, அவசரப்படாமல் உலர்த்த வேண்டும். சீக்கிரம் உலர்ந்தால் தோல் வெடிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, வாயுவுக்குத் தெரியும். வளர்த்த குழாய்களில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. நன்றாக வந்த குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மேலே ஒரு மங்கலான பளபளப்பு ஓடும். அதைப் பார்த்து அவள் பூரித்துப் போனாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. 'சரி, இது ஒண்ணு தேறும்' என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பாள்.

ஏனென்றால் அவளுக்கு அந்தச் சல்லடையிடம் வேண்டியிருந்தது வேறொன்று. ராத்திரியில் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆய்வுப் பிரிவுக்கு வருவதற்கு முன் அவள் மாதிரி எடுக்கும் அறையில் இருந்தாள். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த வேலை. மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். கோபுரத்தின் இரும்பு ஏணியில் ஏறி, ஒவ்வொரு மட்டத்திலும் சின்ன உருளையில் வாயுவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பரிசோதித்து எண்ணைச் சொல்ல வேண்டும். கல்யாணம், பிரசவம், மகளின் படிப்பு, அந்த மகள் வேலைக்கென்று வெளியூர் போனது எல்லாம் அந்த ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதே நடந்து முடிந்துவிட்டன. பகலில் படுத்தால் தெருச் சத்தம் தூங்க விடாது. இரவு வீட்டில் இருக்கும் வாரத்தில் உடம்பு அதை நம்பாது. எந்த நேரமும் கிளம்பச் சொல்வார்கள் என்பதுபோல விறைத்துக்கொண்டே கிடக்கும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டிலை முறைவைத்துப் பயன்படுத்தியது போலத்தான் இருந்தது. "நம்ம கட்டில் மட்டும்தான் இந்த வீட்ல ஓய்வே இல்லாம உழைக்குது" என்று அவன் சொல்வான்.

பகல் வேலை என்பதற்காகத்தான் ஆய்வுப் பிரிவுக்கு மனு போட்டாள். படிகத்தின் மேல் ஆசைப்பட்டு இல்லை. வந்தபிறகு வேலை கைக்கு வந்தது, மனதுக்கும் ஓரளவு பிடித்தது. எதையாவது தேடிப் போகிறவர்களைவிட, எதிலிருந்தாவது தப்பி வருகிறவர்கள் சில நேரம் அந்த இடத்தில் வேரூன்றி விடுகிறார்கள்.

ஆனால் ஆலை நிர்வாகத்துக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல சேதி இருக்காது.

"கூட்டைக் கோபுரத்துப் பக்கத்துல நிஜ லைன்ல மாட்டறோம். வருஷாந்திரப் பராமரிப்புக்கு ஆலைய மூடற வரைக்கும் ஓடணும். ஓடிடுச்சுன்னா பிரிவு நெலைக்கும். இல்லன்னா நம்மள எல்லாரையும் பிரிச்சு அனுப்பிடுவாங்க."

"எங்க சார் அனுப்புவாங்க?"

"எங்கிருந்து வந்தமோ அங்கதான்."

அவள் எழுந்து வந்து கைகழுவும் தொட்டியருகில் சற்று நேரம் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றாள். இரும்பு ஏணி கண்ணுக்கு முன்னால் நின்றது.

கூட்டை மாட்டினார்கள். முதல் வாரங்களில் சல்லடை சொன்ன சொல் கேட்டது. வாயுவைச் சோதிக்கும் கருவியின் திரையில் இரண்டு வாயுவும் இரண்டு மேடுகளாகத் தெரியும். உள்ளே போகும் கலவையில் அவை சரிக்குச் சரி நின்றன. வெளியே வந்ததில் ஒன்று மலையாகவும் மற்றது கூழாங்கல்லாகவும் இருந்தன. தினமும் காலையில் அந்த மலையையும் கூழாங்கல்லையும் பார்த்துவிட்டுத்தான் அவள் டீ குடிப்பாள்.

அந்தப் பகுதியின் ஷிஃப்ட் பொறுப்பாளர் அவளுக்குப் பழக்கமானவர். மாதிரி எடுக்கும் நாட்களிலிருந்தே அண்ணன், தங்கச்சி என்று பேசிக்கொள்வார்கள். முடி கொட்டி, கண்ணுக்குக் கீழே பை தொங்கும் மனிதர். அவரும் பகல் பதவி ஒன்றுக்குக் காத்திருந்தார். திட்டமிடல் அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது, அது தனக்குத்தான் என்று பேச்சு வந்திருப்பதாகச் சொன்னார்.

"நாற்காலி கெடச்சா மொத வேல என்ன தெரியுமாம்மா? சாயங்காலம் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, படுத்து, விடிஞ்சு எந்திரிக்கணும். மனுஷன் மாதிரி."

"உங்க சல்லடைக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்" என்றும் சொன்னார். அதையும் மனதாரத்தான் சொன்னார்.

மாமனாருக்குக் கண் அறுவைக்கு நாள் குறித்தார்கள். கணவனுக்கு ஒரு பள்ளிக்கூட வேனின் மொத்த சீட்டும் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வரிசையில் மாமனார் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, கண்ணு தெரிஞ்சதும் உன் சல்லடையப் பாக்கலாமா?"

"அது தெரியாது மாமா. டாக்டருக்கே தெரியாது."

"அப்புறம் எதுக்கும்மா நான் கத்திக்குக் கண்ணக் குடுக்கறேன்?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஆலையை நினைக்காமல் கழிந்த பகல் அது.

அதே பகலில்தான் கூட்டுக்கு முன்னால் இருந்த வடிகட்டியின் இணைப்பில் வாயு கசிந்தது. சின்னக் கசிவுதான், ஆனால் அந்த இடத்தில் சின்னக் கசிவு என்று ஒன்று கிடையாது. ஷிஃப்ட் பொறுப்பாளர் லைனை மூடினார். வடிகட்டியைக் கழற்றி வாஷர் மாற்ற வேண்டும். ஃபிட்டர்கள் ஸ்பானர் வைப்பதற்கு முன் உள்ளே தங்கியிருக்கும் வாயுவை நீராவி விட்டு ஊதித் துரத்த வேண்டும். அந்த ஆலையில் அது கை கழுவுவது போல ஒரு பழக்கம். வடிகட்டிக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு வால்வு இருந்தது. அதை மூடிவிட்டு வடிகட்டிக்கு மட்டும் நீராவி விட்டிருக்கலாம். ஆனால் மூடிய வால்வை அவர் நம்புவதில்லை. பல வருஷம் முன்பு மூடிய வால்வை நம்பி ஒரு லைனைத் திறந்த கூட்டாளி முகம் வெந்து போனதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர். அதனால் வால்வைத் திறந்துவிட்டு, கூட்டையும் சேர்த்து, நின்று நிதானமாக ஊத வைத்தார். சாயங்காலத்துக்குள் வாஷர் மாற்றி, லைனை மறுபடி ஓடவும் விட்டார். தங்கச்சி வரும்போது எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று.

மறுநாள் காலை திரையில் மலையும் இல்லை, கூழாங்கல்லும் இல்லை. இரண்டு மேடுகளும் உள்ளே போனது போலவே சரிக்குச் சரி நின்றன. கருவிதான் பழுது என்று நினைத்தாள். அளவு தெரிந்த வேறு வாயுவை விட்டுப் பார்த்தாள். கருவி ஒழுங்காகச் சொன்னது. கூட்டின் அடியில் இருந்த வடிகால் குமிழைத் திருகினாள். தண்ணீர் ஒழுகியது.

அந்த லைனில் தண்ணீர் வர வழியே இல்லை.

லைனை மூடச் சொல்லி, நைட்ரஜன் விட்டு வாயுவைத் துரத்தி, ஃபிட்டரை வைத்துக் கூட்டைத் திறந்து ஒரு குழாயை உருவினாள். பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. விரலால் தொட்டதும் மாவு போல ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணி கண்ணியாகக் கைகோத்து நின்றதெல்லாம் சூடான ஈரம் பட்டதும் கையை விட்டுவிட்டன.

கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பாளர் பிற்பகல் ஷிஃப்டை ஏற்றுக்கொள்ள அப்போதுதான் வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா. மாமனாருக்குக் கண்ணு எப்படி? இங்க ஒரு லீக்கு. ஒனக்கு ஒரு தொந்தரவும் வேணாம்னு நானே பக்கத்துல நின்னு நல்லா ஊத வெச்சேன்."

"கூட்டுக்குள்ளயும் நீராவி விட்டீங்களாண்ணே?"

"விடாம? உள்ள கேஸ வெச்சுக்கிட்டு ஸ்பானரத் தூக்கச் சொல்றியா?"

அவள் விரலை நீட்டிக் காட்டினாள். அவர் அந்த வெள்ளை மாவைப் பார்த்தார், புரியவில்லை.

"இதான் சல்லடை" என்றாள்.

அவர் பையைக் கீழே வைத்தார். "ஏம்மா, சல்லடைன்னா... ஆவி பட்டா என்ன ஆகும்? தேயுமா?"

"கரஞ்சுடும்."

"நீ சொல்லவே இல்லயேம்மா!"

"நீங்க கேட்டீங்களா?"

"கேஸ் லைனைக் கழட்டறதுக்கு முன்னாடி ஆவி போடலாமான்னு எவனாவது கேப்பானா? நாளைக்கு, மூச்சு விடலாமான்னும் வந்து கேக்கறேன்!"

"எங்க ரூம்ல படிகத்து மேல தண்ணி படலாமான்னு எவளும் கேட்டதில்லண்ணே. அதனாலதான் எனக்கும் சொல்லணும்னு தோணல."

இரண்டு பேரும் குரலை உயர்த்தியிருந்தார்கள். முந்தின ஷிஃப்ட் ஆட்கள் திரைகளைப் பார்ப்பது போல் பாவனை செய்தார்கள். ஒவ்வோர் அறையிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லத் தேவையில்லை என்பதாலேயே அங்கிருப்பவர்கள் அந்த அறைக்காரர்கள் ஆகிறார்கள். பக்கத்து அறைக்குள் கால் வைக்கும்போது, எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதே தெரிவதில்லை. அவளுக்கு அந்த அறையும் புதிதில்லை என்பதுதான் உறுத்தியது. அந்தக் கோபுரத்தில் எத்தனையோ தடவை நீராவி ஊதுவதை ஏணியில் நின்று பார்த்தவள் அவள். ஆய்வுக்கூடத்துக்குப் போனபின் அதை எப்போது மறந்தாள்?

பொறுப்பாளர் மெதுவாக உட்கார்ந்தார். "இப்ப என்ன பண்ணுவாங்கம்மா?"

"விசாரிப்பாங்க."

"என் பேரு எழுத்துல வந்துச்சுன்னா அந்த நாற்காலி போச்சு" என்றார். கெஞ்சவில்லை. கணக்கைக் கூட்டிப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

பிரிவுத் தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவரிடம் வழி இருந்தது. "ஆலைக்காரங்க தப்புன்னு பதிவாயிடுச்சுன்னா நமக்கு இன்னொரு வாய்ப்பு கேக்கலாம். சல்லடை நல்லாத்தான் ஓடுச்சு, அவங்கதான் கெடுத்தாங்க. நீங்க அவ்வளவுதான் சொல்லணும். பொய்யே இல்ல."

பொய் இல்லைதான். வீட்டில் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்த மாமனார் கட்டிலிலிருந்து, "சத்தமே காணோமே, அவ வந்துட்டாளா இல்லயா?" என்று கேட்டார். கணவன் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னான்: "மறுபடி ஷிஃப்டுன்னா சொல்லு. கட்டிலுக்கு நான் சொல்லிக்கறேன்." அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

விசாரணை ஆலை மேலாளரின் அறையில் நடந்தது. மேலாளர் குறைவாகப் பேசுகிற பெண்மணி. நீராவி விட்டது யார் என்று கேட்டார். பொறுப்பாளர் கையைத் தூக்கினார். விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களா என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றாள் அவள். "நான் சொல்லல. அவர் கேக்கல. ரெண்டு பேருக்கும் தோணல."

பிரிவுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நீராவி இல்லாம இந்தக் கூட்டை ஊத முடியாதா?"

"முடியும் மேடம். காய்ஞ்ச நைட்ரஜன் விடலாம். நேரம் ஆகும்."

"நைட்ரஜன் அன்னைக்கு இல்லன்னா? கரண்ட் போயி, லீக்கும் இருந்தா?"

"அப்ப நீராவிதான்."

"அப்ப திரும்பவும் நடக்குமா?"

அது நியாயமான கேள்வி. பார்த்துக்கொள்ளலாம் மேடம், எச்சரிக்கைப் பலகை மாட்டலாம், ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று பதில் தயாராக இருந்தது. பிரிவுத் தலைவரின் கண் அந்தப் பதிலை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் இன்னொரு தவணை கிடைத்திருக்கும். அவள் அந்த அறையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். நீராவிக் குழாய்கள் ஆலை முழுக்கக் கொடிபோல ஓடுவதை நினைத்தாள். ஏதோ ஒரு வருஷம், ஏதோ ஒரு விடுப்பு நாளில், இதே போல ஒரு நல்ல மனிதர் நின்று நிதானமாக ஊத வைப்பார்.

"நடக்கும் மேடம்" என்றாள்.

அதை நேர்மை என்று பெரிதாகச் சொல்லிவிட முடியாது. இல்லாத ஒன்றைச் சொன்னால் அதைத் தினமும் தூக்கிச் சுமக்க வேண்டும். அவளிடம் அந்தத் தெம்பு மிச்சமில்லை. களைப்பும் சில நேரம் உண்மையின் பக்கமாகச் சாய்ந்து விழுகிறது, அவ்வளவுதான்.

மேலாளர் தலையை ஆட்டினார். "ஆலைன்னா நீராவி இருக்கும். அத தாங்காத பொருளுக்கு ஆலையில வேல இல்ல. தாங்கற மாதிரி ஒண்ணு செஞ்சிட்டு வாங்க, அப்ப பேசலாம்." யார் பெயரும் எழுத்தில் ஏறவில்லை.

தாங்குகிற மாதிரி ஒன்றைச் செய்யும் வேலையை ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். பிரிவைக் கலைத்தார்கள். பிரிவுத் தலைவர் கடைசி நாளில் அவளிடம், "நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். "சொல்லியிருக்கலாம் சார்" என்றாள். அவருக்கும் அதற்கு மேல் சண்டை போடத் தெம்பு இல்லை.

அவள் மாதிரி எடுக்கும் அறைக்கே திரும்பினாள். ஏணி அதே ஏணிதான். முழங்கால்கள் மட்டும் வேறு. சல்லடையம்மா என்ற பெயர் போகவில்லை. சல்லடை இல்லாமலே அது தொடர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம், ஷிஃப்டுக்கு நடுவில் அவள் மாதிரி உருளையோடு கோபுரத்துக்குப் போகும்போது, வீட்டுக்குக் கிளம்பிய பழைய ஷிஃப்ட் பொறுப்பாளர் எதிரே வந்தார். நாற்காலி அவருக்குக் கிடைத்திருந்தது. சட்டை இஸ்திரி போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தயங்கி நின்றார். அன்றிலிருந்து இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதில்லை.

"எப்படிண்ணே இருக்கு, பகல் வேலை?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது. படுத்துக் கூரையப் பாத்துட்டே கெடக்கேன். பொண்டாட்டி எந்திரிச்சு, 'என்ன, டியூட்டிக்கு நேரமாச்சா?'ன்னு கேக்கறா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். பிறகு அவள் சொன்னாள்: "வரும்ணே. உடம்பு லேசுல நம்பாது. எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

"ஒரு வருஷமா!" என்றார். பிறகு அவள் கையில் இருந்த மாதிரி உருளையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "உனக்கு மறுபடியும் மொதல்லேருந்து..."

"போங்கண்ணே. பஸ்ஸு கெளம்பிடும்."

அவர் போனார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். இரண்டாவது மட்டத்தில் நின்று மூச்சு வாங்கினாள். உச்சியில் வால்வைத் திறந்து உருளையில் வாயுவைப் பிடித்தாள். இறங்கிவந்து கருவியில் விட்டபோது திரையில் ஒரு பெரிய மேடும், பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு புள்ளியும் வந்தன. கோபுரம் நன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது. எண்ணைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனில் சொல்லிவிட்டு, அடுத்த உருளையை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி ஏணிக்குப் போனாள்.